ஆறாம் அத்தியாயம்: எந்தத் துளி தவறியது?

மருந்து சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர் இருக்கும். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று நாம் படித்த கணக்கு அது. ரத்தச் சர்க்கரை பார்க்க அனலைசர் எடுக்கும் சீரம் பெரும்பாலும் 2 அல்லது 3 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டை இருபது பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து, சிந்தாமல் கொண்டுபோய் க்யூவெட்டில் வைப்பது அந்த மெல்லிய ஸ்டீல் புரோப்பின் வேலை. நாள் முழுக்க, சில நொடிகளுக்கு ஒருமுறை, அது இதையே செய்கிறது. மூன்று மைக்ரோலிட்டரில் 0.3 குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் பீப் அடிக்காது, திரையில் எர்ரர் வராது. ரிப்போர்ட்டில் மட்டும் 10 சதவீதம் குறையும்.

லேம்ப் போனால் மெஷினே சொல்லிவிடும். இன்குபேட்டர் சூடு குறைந்தாலும் அலாரம் வரும். திரவத்தை எடுத்து வைப்பதில் வரும் பிழைக்கு அப்படி ஒரு குரல் கிடையாது. அதற்கு இருப்பது ஒரு திசையும் ஒரு தடமும். எந்த டெஸ்ட்டுகள் ஏறின, எவை இறங்கின, எவ்வளவு, எந்த வேளையில், எத்தனையாவது சாம்பிளில் என்பதைப் படிக்கத் தெரிந்தால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே, பாகங்களைக் கழற்றுவதைப் பின்னால் வைத்துக்கொண்டு, எண்களைப் படிப்பதில் இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.

தண்ணீர்தான் கம்பி

பெரும்பாலான பயோகெமிஸ்ட்ரி அனலைசர்களில் புரோப்பின் பின்னால் மெல்லிய ட்யூப், அதன் மறுமுனையில் சிரிஞ்சு, அதையடுத்து ஒரு சோலினாய்டு வால்வு, வால்வுக்குப் பின்னால் டி.ஐ. தண்ணீர் டேங்க். சிரிஞ்சிலிருந்து புரோப்பின் நுனிவரை தண்ணீர் நிறைந்திருக்கும். பிளஞ்சர் கீழே இறங்கினால் தண்ணீர்த் தூண் முழுவதும் பின்வாங்கும், நுனியில் சீரம் ஏறும். இடையில் ஒரு சிறு காற்று இடைவெளி விட்டுச் சீரமும் தண்ணீரும் கலக்காமல் பிரித்துவைப்பார்கள். பிளஞ்சர் மேலேறினால் அதே சீரம் வெளியே வரும்.

அந்தத் தண்ணீரை ஓர் இரும்புக் கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை அதே அளவு நகரும், ஏனென்றால் தண்ணீர் சுருங்காது, விரியாது. கம்பிக்கு நடுவே ஒரு ஸ்பிரிங்கைச் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் இழுப்பை ஸ்பிரிங் விழுங்கிவிடும். கைவிட்ட பிறகு மெல்ல மீளும். சிரிஞ்சில் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழி செய்வதும் இதுவே. பிளஞ்சர் முழு தூரம் நகர்ந்திருக்கும், மோட்டாரும் சரியாகச் சுற்றியிருக்கும், நுனியில் மட்டும் சீரம் குறைவாக ஏறியிருக்கும். வெளியேற்றி முடித்த ஓரிரு நொடி கழித்து நுனியில் ஒரு துளி மெல்ல வீங்கித் தொங்கினால், ஸ்பிரிங் மீள்கிறது என்று பொருள்.

குமிழி எப்போதும் இப்படி எதிரியாக இருந்ததில்லை. லியோனார்ட் ஸ்கெக்ஸ் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் உருவாக்கி, 1957இல் டெக்னிகான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஆட்டோஅனலைசரில், ட்யூபுக்குள் வேண்டுமென்றே காற்றுக் குமிழிகளை விடுவார்கள். ஒரு சாம்பிளும் அடுத்த சாம்பிளும் ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது, கலந்துபோகாமல் தடுத்தது அந்தக் குமிழிதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனித்தனி க்யூவெட் என்ற முறை வந்த பிறகுதான் குமிழி வேண்டாத விருந்தாளியானது.

எந்தப் பக்கம், எவ்வளவு, எவையெல்லாம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாவட்டத் தலைநகரத் தனியார் லேபில், மே மாதக் காலை ஒன்றில் குளுக்கோஸ் கண்ட்ரோல் 88 வரவேண்டிய இடத்தில் 80 வந்தது. திரும்ப ஓட்டினேன், 81. கேலிபிரேஷன் போட்டேன், 88 வந்தது. நிம்மதியாகச் சாம்பிள்களை ஏற்றினேன். மறுநாள் அதே கண்ட்ரோல் 97. மறுபடி கேலிபிரேஷன் போடக் கை போனபோது, ஒரு மருத்துவரிடமிருந்து போன். முந்தின நாள் மாலை நாங்கள் கொடுத்த சர்க்கரை அளவு, நோயாளி வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்ததைவிட நன்றாகக் கூடியிருக்கிறது, இதை நம்பி இன்சுலினைக் கூட்டலாமா என்று கேட்டார்.

சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அவர் எடுத்த எடுப்பில் சொன்னது: "தம்பி, முதல்ல கேலிபிரேஷன் பட்டன்ல இருந்து கைய எடுங்க. எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு போகுது, எந்தெந்த டெஸ்ட்டெல்லாம் போகுது, இந்த மூணையும் எழுதிட்டுக் கூப்பிடுங்க."

எழுதியபோதுதான் புரிந்தது. சாம்பிள் சிரிஞ்சின் மேல் இருந்த இணைப்பு லேசாகத் தளர்ந்து, ஒரு குமிழி உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. சாம்பிள் சுமார் 9 சதவீதம் குறைந்த நிலையில் நான் கேலிபிரேஷன் போட்டதால், மெஷின் தன் ஃபேக்டரை 10 சதவீதம் உயர்த்திக்கொண்டது. பிறகு ஏதோ ஒரு வாஷில் குமிழி வெளியேறிவிட்டது. சாம்பிள் முழு அளவுக்குத் திரும்பியது, ஆனால் உயர்த்திய ஃபேக்டர் அப்படியே இருந்தது. அன்று மாலைக்கு மேல் போன ரிப்போர்ட்டுகள் எல்லாம் 10 சதவீதம் கூடுதல். பிழையை நான் சரிசெய்யவில்லை. அதை மெஷினின் நினைவுக்குள் எழுதிவைத்தேன். கண்ட்ரோல் வெளியே போனதும் கேலிபிரேஷன் போடும் பழக்கம் இன்றும் பல லேப்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம். ஒரு டெஸ்ட்டுக்கு 3 மைக்ரோலிட்டர் சாம்பிள், 200 மைக்ரோலிட்டர் ரீஏஜெண்ட் என்று வைத்துக்கொள்வோம். வரும் எண், மொத்தக் கலவையில் சாம்பிளின் பங்கைப் பொறுத்தது, அதாவது 203இல் 3.

சாம்பிள் 2.7ஆகக் குறைந்தால் விடை ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கும். ரீஏஜெண்ட் 180ஆகக் குறைந்தால் பங்கு 183இல் 3 ஆகிவிடும், விடை கிட்டத்தட்ட 11 சதவீதம் ஏறும். இறங்கினால் சாம்பிள் பக்கம், ஏறினால் ரீஏஜெண்ட் பக்கம் என்பது முதல் தடயம். இரண்டு ரீஏஜெண்ட் உள்ள டெஸ்ட்டில் இது சற்று மாறும். சாம்பிள் 2, முதல் ரீஏஜெண்ட் 160, இரண்டாவது 40 என்றால், இரண்டாவதில் 10 சதவீதம் குறைந்தாலும் மொத்தத்தில் 4 மைக்ரோலிட்டர்தான் குறைகிறது, விடை 2 சதவீதம்தான் நகரும். வினையைத் தொடங்கிவைக்கும் பொருள் போதாமல் போகும் அளவுக்குக் குறைந்தால்தான் எண் சரியும், அப்போது ரியாக்‌ஷன் கர்வின் வடிவமே கெட்டிருக்கும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் கர்வையும் திறந்து பாருங்கள். அந்தப் பக்கத்தைப் பல மாதங்களாக யாருமே திறக்காத மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே சிரிஞ்சு இரண்டையும் எடுக்கும் சிறிய மெஷின்களில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. சாம்பிளும் ரீஏஜெண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால், 182.7இல் 2.7 என்பதும் 203இல் 3 என்பதும் ஒன்றேதான். விடை மாறாது, கண்ட்ரோல் நேராக நிற்கும். ஒருநாள் க்யூவெட்டில் திரவ மட்டம் ஒளிக்கற்றைக்குக் கீழே இறங்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் குலையும். ரீஏஜெண்ட் பாட்டில் எத்தனை டெஸ்ட்டுக்கு வந்தது என்று எழுதி வைப்பவர்களுக்கு இது முன்பே தெரிந்துவிடும். மெஷின் கணக்கில் பாட்டில் காலி, உள்ளே பார்த்தால் எப்போதும் தங்கும் அடிமட்டத்தைவிட நிறைய மீதி என்றால், குறைவாக எடுக்கிறது. மெஷின் 40 டெஸ்ட் மீதி என்கிறது, பாட்டில் வறண்டுவிட்டது என்றால், கூடுதலாகப் போகிறது அல்லது எங்கோ கசிகிறது.

அடுத்த கேள்வி, எவையெல்லாம் என்பது. இதற்கு ஒரு தாள் தயாரியுங்கள். உங்கள் மெஷினின் பாராமீட்டர் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு டெஸ்ட்டும் எவ்வளவு சாம்பிள் எடுக்கிறது என்பதைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். குமிழி, நுனியில் தொங்கும் துளி, சிறு கசிவு போன்றவை பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் பறித்துக்கொள்ளும். 0.3 மைக்ரோலிட்டர் போனால் 2 மைக்ரோலிட்டர் டெஸ்ட்டில் அது 15 சதவீதம், 20 மைக்ரோலிட்டர் டெஸ்ட்டில் 1.5 சதவீதம். ஆகவே தாளின் மேல்பகுதியில் உள்ள டெஸ்ட்டுகள் நிறைய இறங்கி, கீழே உள்ளவை கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால் சாம்பிள் புரோப் வரிசையைத் தேடுங்கள். ரீஏஜெண்ட் குறைந்தால் இப்படி வேறுபாடு வராது, 2 மைக்ரோலிட்டர் டெஸ்ட்டும் 20 மைக்ரோலிட்டர் டெஸ்ட்டும் சேர்ந்தே 10, 11 சதவீதம் ஏறும். ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் போனால் புரோப்பை விட்டுவிட்டு அந்த ரீஏஜெண்ட் பாட்டிலைப் பாருங்கள். நுரை, காலாவதி, குளிர்ப்பெட்டியில் மூடியின் உட்பக்கம் திரண்டு உள்ளே விழும் ஈரம் என்று அங்கே காரணங்கள் உண்டு.

சாம்பிளை நீர்த்து அளக்கும் எலக்ட்ரோலைட் யூனிட் இருந்தால் இன்னொரு நல்ல சாட்சி கிடைக்கும். சோடியம் 140இலிருந்து 126க்கு இறங்கி, கூடவே பொட்டாசியமும் குளோரைடும் அதே 10 சதவீதம் குறைந்தால், மூன்று எலக்ட்ரோடும் ஒரே நாளில் ஒரே அளவு கெட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். அவற்றுக்குப் போன சாம்பிள் குறைந்திருக்கிறது.

சிதறலும் சாய்வும்

கண்ட்ரோல் சார்ட்டில் புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்வது வேறு, மேலும் கீழுமாகச் சிதறுவது வேறு. ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்ட விதிகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவற்றை ரிப்போர்ட்டை விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மட்டுமே பயன்படுத்துகிறோம். அதே விதிகள் பழுது எங்கே என்றும் சொல்லும். ஒரு புள்ளி மட்டும் 3 எஸ்.டி.யைத் தாண்டுவது, அல்லது ஒரே ஓட்டத்தில் ஒரு கண்ட்ரோல் மேலே 2 எஸ்.டி., மற்றொன்று கீழே 2 எஸ்.டி. என்று பிரிவது, பெரும்பாலும் சிதறல். குமிழி, தளர்ந்த இணைப்பு, விட்டுவிட்டு ஒட்டும் வால்வு இவற்றின் கைவரிசை. பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கம் நிற்பது சாய்வு. தேய்ந்துவரும் சீல், மெல்லப் படியும் அடைப்பு, அல்லது பழுதோடு போட்ட கேலிபிரேஷன் இப்படித் தெரியும்.

சிதறலை ஒன்றிரண்டு எண்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒரே சாம்பிளை, சிறிய அளவு எடுக்கும் ஒரு டெஸ்ட்டில், 20 முறை ஓட்டுங்கள். சி.வி. எவ்வளவு என்று பார்த்ததும் தாளைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். இருபது எண்களையும் வந்த வரிசையிலேயே எழுதிப் பாருங்கள், ஏனென்றால் அந்த வரிசைதான் பேசும்.

முதல் எண் மட்டும் தாழ்ந்து மற்றவை சரியாக வந்தால், மெஷின் சும்மா நின்ற நேரத்தில் தண்ணீர்த் தூண் நழுவியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடச் சற்றுச் சற்றாக இறங்கிக்கொண்டே வந்தால், புரோப்பின் வெளிப்புறம் ஈரத்தோடு வந்து கப்பில் தண்ணீரைச் சேர்க்கிறது. இதில் பலர் ஏமாறுவார்கள். புரோப்பைக் கழற்றி மாட்டுவார்கள், சீலை மாற்றுவார்கள், ஆனால் பழுது வாஷ் ஸ்டேஷனில் இருக்கும். அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் குழாய் அடைத்து, கிணறு நிரம்பி, புரோப் தலைமுழுகி வந்துகொண்டிருக்கும். எண்கள் மெல்ல ஏறினால் திறந்த கப்பிலிருந்து சீரம் ஆவியாகிறது, ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் இது சீக்கிரமே நடக்கும். ஒழுங்கான இடைவெளியில் ஒரு எண் மட்டும் தவறினால் க்யூவெட் எண்ணைப் பாருங்கள். ஒரே க்யூவெட் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு க்யூவெட்டில், துளியில் இல்லை. டிஸ்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தவறினால் புரோப் அந்தக் குழிக்கு நடுவே இறங்காமல் ஓரத்தை உரசுகிறது. ஒழுங்கே இல்லாமல் சிதறினால் காற்றைத் தேடுங்கள்.

டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும்

இனிக் கண்ணால் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெஷினை மெயின்டனன்ஸ் நிலையில் வையுங்கள். ஓடும் கையின் பாதையில் விரலை வைக்க வேண்டாம், புரோப் ஊசியைப் போலவே குத்தும், அதில் யாருடைய ரத்தம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

சிரிஞ்சுக்குப் பின்னால் டார்ச் அடித்து, பிரைம் ஓடும்போது பாருங்கள். கண்ணாடிச் சுவரில் அல்லது பிளஞ்சர் தலையில் ஒட்டிய குமிழி வெளிச்சத்தில் மின்னும். சில குமிழிகள் பத்து முறை பிரைம் செய்தாலும் நகராது. சிரிஞ்சைச் சுண்டுவிரலால் தட்டிக்கொண்டே பிரைம் செய்தால் பெயரும். போனது மறுபடி வந்தால், எங்கிருந்தோ புகுகிறது.

இணைப்புகளில் கசிவைத் தேடும்போது ஈரத்தை மட்டும் எதிர்பார்த்தால் பாதிதான் கிடைக்கும். தண்ணீரைத் தள்ளும்போது கசியாத இணைப்புகூட, இழுக்கும்போது காற்றை உள்ளே விடும். அங்கே ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. கசிந்து காய்ந்த இடமோ வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கும். டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். விரலால் திருகும் இணைப்புகளை விரலால் மட்டுமே இறுக்குங்கள். பிளையர் போட்டால் ட்யூபின் வாய் நசுங்கி, இல்லாத கசிவு புதிதாக வரும்.

புரோப்பின் பின்னால் வரும் தெளிந்த ட்யூபில், மெயின்டனன்ஸ் கட்டளையால் கொஞ்சம் காற்றை இழுத்து, தண்ணீரின் விளிம்பு நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். விளிம்பு கோட்டிலேயே நின்றால் வரிசை இறுக்கமாக இருக்கிறது. நுனியை நோக்கி நகர்ந்தால் இரண்டு சாத்தியம். சிரிஞ்சுப் பக்கம் புதிய குமிழி சேர்ந்திருந்தால் இணைப்பிலோ சீலிலோ காற்று புகுகிறது. குமிழி ஏதும் இல்லாமல் விளிம்பு நுனிவரை போய், துளி வளர்ந்து சொட்டினால், வால்வு முழுதாக மூடவில்லை, பம்பின் அழுத்தம் தண்ணீரைக் கடத்துகிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனை, தெரியாமல் மாற்றிய பல வால்வுகளின் விலையை மிச்சப்படுத்தும்.

டெஃப்ளான் சீல் தேய்வது இயல்பு. அதை மாற்றும் கெடுவை மேனுவல் மாதக் கணக்கில் சொல்லும், ஆனால் நாளுக்கு 100 டெஸ்ட் ஓடும் லேபுக்கும் 1,500 ஓடும் லேபுக்கும் ஒரே கெடு பொருந்தாது. ஓட்டத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே மாற்றுங்கள். புதிய சீலை உலர்ந்த கண்ணாடிக்குள் ஓட்டினால் முதல் நாளிலேயே கீறல் விழும், தண்ணீரில் நனைத்துப் பொருத்துங்கள்.

புரோப்பைக் கழற்றி, மேல்முனையில் தண்ணீர் நிரம்பிய சிரிஞ்சை மாட்டி அழுத்தினால், நீர் நூல் பிடித்தாற்போல் நேராக விழ வேண்டும். சாய்ந்தோ சிதறியோ விழுந்தால் நுனியில் படிவு அல்லது வளைவு. நுனி விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கப்பின் அடியில் ஒருமுறை மோதி மழுங்கிய நுனி, எவ்வளவு சுத்தம் செய்தாலும் துளியைச் சரியாக அறுத்துவிடாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது

நம் ஊர் லேப்களில் இதற்கு முதல் பதில் தண்ணீர். குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று, நீர் சூடாகும்போது வெளியேறும். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கொதிக்கும் முன்பே குமிழி பூப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏ.சி. அறையில் இரவெல்லாம் குளிர்ந்த டேங்க் நீர், காலையில் மெஷினுக்குள் வெதுவெதுப்பான இடங்களைக் கடக்கும்போது அதையே செய்கிறது. டீகாஸர் உள்ள மெஷின்களில் அதன் வாக்குவம் பம்ப் வேலை செய்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அது நின்றுபோனதே யாருக்கும் தெரிந்திருக்காது. டீகாஸர் இல்லாவிட்டால், பிடித்த தண்ணீரை உடனே ஊற்றாமல் அறைச் சூட்டில் சில மணி நேரம் மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். மெஷின் ஓடும்போது டேங்கை மேலிருந்து கொட்டி நிரப்புவதும் காற்றைக் கலக்கும்.

டேங்கின் அடியில் உள்ள ஃபில்டர் அடைத்தால் பம்ப் திணறும், திணறும் பம்ப் தளர்ந்த இடங்களிலிருந்து காற்றை இழுக்கும். அடைப்பது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம். ட்யூபின் உட்பக்கம் தொட்டால் வழுவழுப்பு இருக்கிறதா பாருங்கள். ஆய்வகத் தண்ணீருக்குச் சொல்லப்படும் அளவு, மின்தடை 25 டிகிரியில் குறைந்தது 10 மெகாஓம் சென்டிமீட்டர், பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 10 காலனிக்குக் கீழ். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் பாக்டீரியா இருக்கலாம், மீட்டருக்குத் தெரிவது அயனிகள் மட்டுமே. கால்சியமும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் காரணமில்லாமல் ஏறினால், புரோப்புக்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு காற்று, நுரை. புரோப் திரவத்தின் மேற்பரப்பை மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்து உணர்கிறது. நுரையைத் தொட்டாலும் அதற்கு மேற்பரப்பு வந்துவிட்டது போலத் தெரியும், அங்கேயே நின்று காற்றை உறிஞ்சும். ரீஏஜெண்டைக் கலக்கப் பாட்டிலைக் குலுக்காதீர்கள், தலைகீழாக மெல்லச் சாய்த்து எடுங்கள். மேலே நுரை இருந்தால் சுத்தமான பைப்பெட் நுனியால் எடுத்துவிடுங்கள். ஏ.சி.யால் காற்று உலர்ந்த அறையில், பிளாஸ்டிக் கப்பைக் கையுறையால் தேய்த்துத் துடைத்தால் நிலைமின்னேற்றமும் சென்சாரை ஏமாற்றும்.

காற்றில்லாமலேயே புரோப்பை அடைப்பது ஃபைப்ரின். ரத்தம் நன்றாக உறையும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் போட்டால், பிறகு மேலே நூல் நூலாகத் திரளும். சாதாரண சீரம் குழாய்க்கு 30 நிமிடம் கொடுங்கள். ஹெப்பாரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். அவசரம் என்று பத்தே நிமிடத்தில் சுழற்றிய டயாலிசிஸ் நோயாளியின் குழாய் ஒன்று, அதற்குப் பின்னால் வரும் பத்துப் பேரின் விடையையும் கெடுக்கலாம். அழுத்த சென்சார் கொண்டு கட்டியைக் கண்டுபிடிக்கும் மெஷின்கள்கூட முழு அடைப்பைத்தான் நன்றாகப் பிடிக்கின்றன. பாதி அடைத்த நூல் தப்பிவிடும்.

எடையும் சாயமும்

பார்த்துத் தீராதபோது அளக்க வேண்டும். ரீஏஜெண்ட் புரோப்புக்குத் தராசு போதும். எடை பார்த்த சிறு மூடிக் குப்பியில் 100 மைக்ரோலிட்டர் வீதம் பத்து முறை தண்ணீரை வெளியேற்றி மறுபடி எடை பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் 0.9957 கிராம், 25 டிகிரியில் 0.9970. ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் பழுதே இல்லாத புரோப்பையும் குறைசொல்வீர்கள். அறையின் சூட்டைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள், குப்பியை உடனே மூடுங்கள்.

மூன்று மைக்ரோலிட்டருக்குத் தராசு உதவாது. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் நல்ல தராசிலும் 3 மில்லிகிராமில் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தாலே 3 சதவீதம் ஆகிவிடும், அதற்குள் ஆவியாதலும் சேரும். இங்கே சாயம்தான் வழி. உங்கள் மெஷினுக்குச் சொல்லப்பட்ட சாயக் கரைசலை முதலில் கையால் தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையையே க்யூவெட்டுகளில் நிரப்பி 20 முறை படியுங்கள். கிடையாக ஒளி போகும் க்யூவெட்டில் திரவத்தின் அளவு சற்று மாறினாலும் நிற அடர்த்தி மாறாது. ஆகவே இங்கே வரும் சிதறல் லேம்பும் க்யூவெட்டும் தருவது. அடுத்து, அடர்த்தியான சாயத்தைச் சாம்பிளாகவும் தண்ணீரை ரீஏஜெண்டாகவும் வைத்து 20 முறை ஓட்டுங்கள். முதல் சிதறலைவிடக் கூடும் பகுதிதான் புரோப்புகளுடையது. சாயச் சாம்பிளை ஒருமுறை 2 மைக்ரோலிட்டரிலும், அதற்கேற்ப நீர்த்து ஒருமுறை 20 மைக்ரோலிட்டரிலும் ஓட்டினால், முன்பு சொன்ன கணக்கின்படி சாம்பிள் பக்கமா ரீஏஜெண்ட் பக்கமா என்பதும் பிரிந்துவிடும். கைப் பைப்பெட்டுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8655 போல, தானியங்கித் திரவக் கருவிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 23783 என்ற தரநிலை 2022இல் வந்திருக்கிறது. அங்கீகாரத்துக்குத் தயாராகும் லேப்கள் அதை வாங்கிப் படிப்பது நல்லது.

ஒரு சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் போகிறதா என்பதற்கு, மிக அதிகமான சாம்பிளை மூன்று முறை, உடனே மிகக் குறைவானதை மூன்று முறை ஓட்டுங்கள். குறைவானதில் முதல் எண்ணிலிருந்து மூன்றாம் எண்ணைக் கழித்து, அதிகமானதின் மூன்றாம் எண்ணுக்கும் குறைவானதின் மூன்றாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் கடத்தலின் பங்கு கிடைக்கும். அது கூடியிருந்தால் வாஷ் ஸ்டேஷனின் நீரோட்டத்தையும் புரோப்பின் உட்சுவரையும் பாருங்கள்.

பழுது தீர்ந்த பிறகு

பழுதைச் சரிசெய்து, பிரைம் செய்து, 20 முறை ஓட்டி, சிதறல் பழைய அளவுக்கு வந்தது என்று உறுதியான பிறகே கேலிபிரேஷன். அதற்கு முன் வேண்டாம்.

பிறகு பின்னோக்கிப் போக வேண்டும். கடைசியாக எல்லாம் சரியாக இருந்த கண்ட்ரோல் எந்த நேரம்? அதற்கும் பழுது தெரிந்த நேரத்துக்கும் நடுவே ஓடிய சாம்பிள்களைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுங்கள். பழுது தெரிந்த கணத்திலிருந்து பின்னோக்கி, ஐந்துக்கு ஒன்றாக, சிறிய சாம்பிள் எடுக்கும் டெஸ்ட்டில் மறுபடி ஓட்டுங்கள். குளுக்கோஸும் சிறிய அளவுதான் எடுக்கும், ஆனால் செல்லோடு நின்ற குழாயில் அது தானாகவே குறையும். அதனால் யூரியா அல்லது கொலஸ்ட்ரால் போல நிலைத்து நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். வித்தியாசம் மறையும் இடம்வரை போய், அங்கிருந்து இந்தப் பக்கம் உள்ள எல்லாவற்றையும் மீண்டும் செய்யுங்கள். விட்டுவிட்டு வரும் சிதறல் பழுதாக இருந்தால் ஐந்துக்கு ஒன்று போதாது, இடையில் உள்ள அத்தனையையும் ஓட்டியாக வேண்டும். மாறிய ரிப்போர்ட்டுகளுக்கு வார்டுக்கும் மருத்துவருக்கும் போன் செய்வது அன்றைக்கே நடக்க வேண்டும். எனக்கு அன்று வந்த அந்த ஒரு போனை மற்ற நோயாளிகளின் மருத்துவர்கள் செய்யவில்லை, நான்தான் அவர்களைத் தேடிப் பேசினேன். சிலரிடம் பேச மறுநாள் ஆகிவிட்டது.

கழற்றிய சீலைக் குப்பையில் போடாதீர்கள். கிருமிநீக்கம் செய்து, சிறு ஜிப் கவரில் போட்டு, மாற்றிய தேதியையும், அதுவரை ஓடிய டெஸ்ட் எண்ணிக்கையையும், அன்றைய 20 முறை ஓட்டத்தின் சி.வி.யையும் கவர்மேல் எழுதி, லாக் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். நான்கைந்து கவர் சேர்ந்ததும் அடுத்தடுத்து வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். உங்கள் மெஷினில், உங்கள் தண்ணீரில், எத்தனை ஆயிரம் ஓட்டத்தில் விளிம்பு தேயத் தொடங்குகிறது என்பது அந்த வரிசையில் இருக்கும். அடுத்த சீலை மாற்றும் தேதியை அதிலிருந்தே குறித்துக்கொள்ளலாம்.